பித்தப்பைக் கல்லுக்குக் கொடுத்த பணம்

ரேடியோ என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் அக்கா வீட்டுச் சமையலறையில். அக்காவின் மூத்த மகன் எலெக்ட்ரீஷியன். தனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ்ல அவளை எல்லாரும் ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க சித்தி. நிறுத்த பட்டனே கிடையாது."

அக்கா வெங்காயம் உரித்தபடியே, "வரட்டும்டா. உங்கப்பா வாயில முத்து இருக்கிற மாதிரி மூடிட்டே இருக்காரு, வீட்டுல சத்தமாவது கேக்கட்டும்" என்றாள்.

வந்தாள். வந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரி யாரோடு சண்டை, ஏன் சண்டை என்பது வரைக்கும் தெரிந்துகொண்டாள். வாடகைக் கார் கம்பெனியில் வேலை. மைக் வைத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டுமென்று சொல்வாள். டிரைவர்களிடம் சாப்பாடு ஆச்சா, மகள் பரீட்சை எழுதினாளா என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த சவாரியைக் கொடுப்பாள்.

ஒரு மழை நாள் மத்தியானம், வயதான டிரைவர் ஒருவர், "தலை சுத்துதும்மா, வீட்டுக்குப் போறேன்" என்றார். வண்டிகள் போதவில்லை. "ஒரே ஒரு சவாரிண்ணா, பக்கத்துத் தெருதான். எனக்காக" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே, "உன் வாய்க்கு யார்மா இல்லைன்னு சொல்றது" என்று கிளம்பினார். லைன் திறந்தே இருந்தது. போகிற வழியில் லாரியின் ஹாரனும் மோதுகிற சத்தமும் அவள் காதில் விழுந்தன. அதற்குப் பிறகு கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிற சத்தம் மட்டும். யாரோ வந்து மைக்கைக் கழற்றுகிற வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு ரேடியோ நின்றது. வீட்டில் போன் அடித்தால் அதன்மேல் தலையணையை வைத்து அமுக்குவாள். மழை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்காருவாள்.

அக்கா மகன் அலையாத இடமில்லை. கம்பெனியில், "ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் இன்சூரன்ஸ். உக்காந்து பேசறதுக்கெல்லாம் வராது" என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. ஆனால் போகும்போதெல்லாம் வேறு டாக்டர். என்ன நடந்தது என்று அவர் கேட்க, அந்த டிரைவர் முதலிலிருந்து மறுபடி சாக வேண்டியிருந்தது.

கடைசியில் செருப்புக்கடை மாடியில் ஒரு மனநல ஆலோசகர் அம்மா கிடைத்தார். அவரிடம் மட்டும் இவள் வாயைத் திறந்தாள். ஆனால் அங்கே ஒரு மணி நேரத்துக்கு ஆகிற காசு, இவன் நாள் முழுக்க வயர் இழுத்தால் கிடைக்கிற கூலி.

எங்கள் வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு வைத்தியப் பெட்டி உண்டு. சம்பாதிக்கிறவர்கள் மாதாமாதம் போடுவார்கள். அக்கா புருஷனுடைய அண்ணன், ரிட்டயரான கேஷியர், சாவி அவரிடம். ஆபரேஷன், எலும்பு முறிவு, பிரசவம், இதற்குத்தான் கொடுப்பார். பணம் வாங்கியவரை எல்லா வீட்டாரும் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். மனசு சரியில்லை என்று சொல்ல அக்கா மகனுக்கு நாக்குக் கூசியது. "பித்தப்பையில கல்லு, ஆபரேஷன் பெரியப்பா" என்று சொல்லி வாங்கிவந்துவிட்டான்.

அப்புறம் என்ன, அவள் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதாயிற்று. ஆரஞ்சுப் பழத்தோடு ஊரே வந்தது. கேஷியரின் மனைவி கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "கல்லைக் காட்டுடி. என் தங்கச்சிக்கு எடுத்ததை பாட்டில்ல போட்டுக் குடுத்தாங்க" என்றாள். இவன் மெல்ல நழுவி, பின்பக்கம் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து ரெண்டு பொடிக்கல்லைப் பொறுக்கி, கழுவி, மாத்திரை டப்பாவில் போட்டு நீட்டினான்.

அந்த அம்மாள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னடா, ஜல்லி மாதிரி இருக்கு?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அத்தனை மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பக்கத்தில் நின்ற நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கி நின்றான்.

வாராவாரம் செருப்புக்கடை மாடிக்குப் போய்வந்தாள். ஒருநாள் என் போன் அடித்தது. "சித்தி, நான்தான்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அவளாகவே எடுத்துப் பேசிய போன்.

அதற்குள் பெட்டிப் பணம் தீர்ந்தது. ஆலோசகர் அம்மா பாதிக் காசு போதும் என்றார். அந்தப் பாதிக்கும் வழியில்லை. மறுபடி பெரியப்பாவிடம் போய் நின்றான்.

"எடுத்த கல்லு திரும்ப முளைச்சுதாடா?" என்று சிரித்தார் அவர்.

மாதப் பணம் போட எல்லோரும் கூடிய அன்று அவளே எழுந்து நின்றாள். "எனக்குக் கல்லெல்லாம் இல்ல மாமா. ஒருத்தரைப் போகச் சொல்லி அனுப்பினேன், செத்துட்டாரு. அதைப் பேசறதுக்குத்தான் காசு."

"பேசறதுக்கா காசு? எங்ககிட்டப் பேசியிருந்தா நாங்க சும்மாவே கேட்டிருப்போமே" என்றாள் கேஷியரின் மனைவி.

"உங்ககிட்டச் சொன்னா அழுவீங்க அத்தை. அப்புறம் நான் உங்களைத் தேத்தணும். அந்தம்மா அழமாட்டாங்க. அதுக்குத்தான் காசு."

கேஷியர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "பொய் சொல்லி எடுத்ததைத் திருப்பி வைக்கணும். யாரா இருந்தாலும் அதான்."

"உண்மையைச் சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா பெரியப்பா?" என்றான் அக்கா மகன்.

சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, "தெரியலடா" என்றார் அவர்.

அவன் கூடுதல் வேலை பார்த்து எல்லாவற்றையும் பெட்டியில் திருப்பி வைத்தான். மாடிக்குப் போவது நின்றது. பிறகு ஒரு கல்லூரியில், மனநல ஆலோசனைப் படிப்பு படிக்கிற பிள்ளைகளே குறைந்த காசுக்குப் பேசுவார்கள் என்று தெரிந்து அங்கே போனாள். ஒரு பெண்ணிடம் மனசு ஒட்டிவரும் நேரத்தில் அந்தப் பெண் படிப்பை முடித்துப் போய்விட்டாள். புதிதாக வந்தவள் பேனாவைத் திறந்துகொண்டு, "என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாளாம். இவள் எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது ஒரு துணிக் கிடங்கில் பெட்டிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறாள். அங்கே போன் கிடையாது.