பின் சீட்டைக் காட்டிய கண்ணாடி

"இந்தக் கண்ணாடிய யாருங்க இப்படித் திருப்பி வெச்சது?" என்று கேட்டார் பழைய காரை மதிப்பிட வந்தவர்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அதன் கழுத்தில் பசை வைத்து இறுக்கியிருந்தது.

"இதுல பின்னால வர்ற ரோடே தெரியல. பின் சீட்டுதான் தெரியுது. அதுவும் இடது ஓரம் மட்டும். இத வெச்சு எப்படிங்க ஓட்டுனாரு?"

இடது ஓரம் எங்கள் பெரியவர் உட்காரும் இடம். பெரியவர் கட்டட வடிவமைப்பாளர். நான் அவருடைய அலுவலகத்தில் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் பார்த்துக்கொள்கிறேன். அந்த நீண்ட கருநீலக் காருக்குப் பதினான்கு வயது. தோல் இருக்கைகளில் வெடிப்பு விட்டிருந்தது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து, கிளப்பியதும் முனகிக்கொண்டே நிமிரும். கடைசியாகப் பழுதானபோது ஒரு சின்ன ரப்பர் குழாய்க்காக ஆறு வாரம் நின்றுவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனியின் புது மாடலை மூன்று வருட லீஸில் எடுப்பது என்று முடிவாகியிருந்தது.

கண்ணாடியைப் பற்றி ஓட்டுநரிடமே கேட்கலாம் என்று, "அண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி டிக்கியின் மேல் கைவைத்து நின்றிருந்தார். மறுபடி கூப்பிட்டேன். பிறகு கொஞ்சம் உரக்கவும் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. மதிப்பிட வந்தவர் இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினார். உடனே ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அதிர்வு அவர் உள்ளங்கைக்குப் போயிருந்தது.

நான்கு வருடமாக அவரை எனக்குத் தெரியும். அவருக்குக் காது கேட்காது என்பது அன்றுதான் தெரிந்தது.

அலுவலகத்தில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். வைத்தவர் எங்கள் வரைவாளர். "சாமிகிட்ட குறி கேட்டா ரெண்டு நாள் கழிச்சு தலைய ஆட்டும்" என்பார். பெரியவர் அந்தப் பெயரைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். அவர் காரில் ஏறினால் பேச ஆரம்பித்துவிடுவார். மறுநாள் கூட்டத்தில் என்ன சொல்லவேண்டும், பழைய கூட்டாளி எப்படி முதுகில் குத்தினார், வீட்டில் என்ன தகராறு என்று எல்லாம் அங்கேதான் வெளியே வரும். "பதினோரு வருசம். ஒரு வார்த்த வெளில போனதில்ல. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தன் கெடைப்பானா?" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். தொலைபேசியில் அழைத்தால் ஓட்டுநர் எடுக்கமாட்டார், செய்தி அனுப்பினால் ஒரு நிமிடத்தில் வாசலில் நிற்பார் என்பதையும் மரியாதையின் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம்.

என் கவலை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கம். லீஸ் கார் நம்முடையது அல்ல. யார் ஓட்டுவார் என்பதை எழுதி, அவருடைய கண்ணையும் காதையும் மருத்துவர் சோதித்துக் கையெழுத்திட்ட படிவத்தை, ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் லீஸ் கம்பெனியே தன் ஓட்டுநரை அனுப்பும். ஒப்பந்தம் போட்ட அன்றே, இரண்டு வாரம் முன்பு, அந்தப் படிவத்தை ஓட்டுநரிடம் கொடுத்திருந்தேன். "வெச்சுட்டுப் போம்மா" என்றார். அது திரும்பி வரவில்லை. இப்போது காரணம் புரிந்தது. பெரியவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்வது என் வேலையா என்று எனக்குத் தெரியவில்லை.

புது வண்டி ஒரு திங்கட்கிழமை வந்தது. சாம்பல் நிறம். கொண்டுவந்தவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, திரையைத் தொட்டுத் தொட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். முகம் திரையைப் பார்த்தே இருந்தது. ஓட்டுநர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"இவ்வளவு கையெழுத்தும் வாங்கிட்டு, மூணு வருசத்துல திருப்பி வேற குடுக்கணுமாம்மா?" என்று பெரியவர் ஏறும்போது கேட்டார். "பொண்ணு கட்டிக் குடுக்கறப்பகூட நான் இவ்வளவு போடல."

அன்று நகராட்சி அலுவலகத்தில் கூட்டம். கட்டடத்தின் அட்டை மாதிரியை முன் இருக்கையில் வைத்துவிட்டு, பெரியவரும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். தெருமுனை திரும்பும் முன்பே வண்டி கத்த ஆரம்பித்தது. சீரான, விடாப்பிடியான மணி.

"என்னப்பா கத்துது?"

ஓட்டுநர் நேராகப் பார்த்து ஓட்டினார்.

முன்னால் எரிந்த சிவப்புப் படத்தைப் பார்த்து எனக்குப் புரிந்தது. அட்டை மாதிரியின் எடையை வண்டி ஆள் என்று நினைத்துவிட்டது. பெல்ட் போடச் சொல்கிறது. பெரியவரிடம் சொன்னேன்.

"நாலு மாடிக் கட்டடத்துக்கு பெல்ட்டா? மாட்டு, மாட்டு. ஏம்ப்பா, அந்த பெல்ட்டக் கொஞ்சம் இழுத்து மாட்டிவிடேன்."

பதில் இல்லை. மணி நின்றபாடில்லை. "இடது பக்கம் திரும்பு, பாங்க் வழியா போயிடலாம்" என்றார் பெரியவர். வண்டி நேராகப் போனது. பாலம் தாண்டி, போகத் தேவையில்லாத கட்டுமான இடத்தின் வாசலில் போய் நின்றது. திங்கட்கிழமைகளில் முதலில் அங்கேதான் போவது வழக்கம்.

நான் ஓட்டுநரின் தலைக்கு மேல் பார்த்தேன். அங்கே இருந்தது கண்ணாடி அல்ல, கண்ணாடி வடிவத்தில் ஒரு திரை. வண்டியின் பின்புறக் கேமரா அனுப்பும் சாலை அதில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. பின் இருக்கை இல்லை. பெரியவரின் வாய் இல்லை.

பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "கோவிச்சுக்கிட்டான்" என்று கிசுகிசுத்தார். "பழைய வண்டிய குடுத்ததுல அவனுக்கு மனசே ஆறல. பாரு, மூஞ்சியக்கூடத் திருப்பமாட்டேங்குறான்." பிறகு முன்னால் பார்த்து, "எனக்கும் வருத்தம்தாம்ப்பா, என்ன பண்றது?" என்று ஆறுதலாகச் சொன்னார். முன்னால் இருந்த பின்னந்தலை அசையவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் ஓட்டுநரைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தார். வண்டியும் அந்த வாரம் முழுவதும் தப்பான வாசல்களில் நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் நான் வாகன நிறுத்துமிடத்துக்குப் போனேன். அவர் வண்டியின் பக்கவாட்டில் விரலால் தடவி ஏதோ கோடு தேடிக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு கீறலையும் அளப்பார்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். சுற்றிப்போய் அவருக்கு முன்னால் நின்று, நிதானமாகப் பேசினேன்.

"அண்ணே, ஒன்பதாம் பக்கம்."

என் வாயையே பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கண்ணாடிய பாத்ததுலேர்ந்து."

"வண்டிக்கு வெல போட வந்த ஆளுக்குக் கண்ணு சரியா இருந்துச்சு" என்றார். தோளில் கிடந்த துடைக்கும் துணியை எடுத்து மடித்தார். "இன்னும் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

அவர் பத்தொன்பது வயதில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தவர். தகட்டை அடித்து வளைக்கும் இயந்திரத்தின் முன்னால் பன்னிரண்டு வருடம் நின்றார். அங்கே யாரும் குரலால் பேசுவதில்லையாம். உதட்டை அகலமாக அசைத்துப் பேசுவார்கள். நாற்பதடி தள்ளி நிற்பவர்கூட அதைப் படித்துவிடுவார். "மேனேஜர அவர் முன்னாலயே திட்டுவோம். அவருக்கு உதடு படிக்கத் தெரியாது." வெளியே வந்து லாரி ஓட்டினார், பிறகு கார். காது எந்த வருடம் போனது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் மனைவி, "நான் செவுத்துகிட்டயா பேசிட்டிருக்கேன்?" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் திரும்பி உட்கார்ந்திருந்ததால் அதையும் கேட்கவில்லை. பிறகு மனைவி எதிரில் வந்து நின்று மறுபடி சொன்னாராம்.

பழைய வண்டியைச் செருப்பில்லாமல்தான் ஓட்டினார். இன்ஜினைப் பாதத்தாலும், கியரை உள்ளங்கையாலும், சாலையைப் பக்கக் கண்ணாடிகளாலும், பெரியவரை நடுக்கண்ணாடியாலும் தெரிந்துகொண்டார். புது வண்டி கால்களுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் மணியடித்துச் சொன்னது.

"காது மெஷின் போட்டுக்கலாமே அண்ணே?"

"அத மாட்டிக்கிட்டு வந்தா என்னைய டிரைவர்ம்பாங்களா, பேஷண்ட்ம்பாங்களா? பதினோரு வருசம் கேக்காமலே ஓட்டிருக்கான்னு தெரிஞ்சா சார் அடுத்த நிமிசம் எறக்கி விட்ருவாரு. அவர் சொல்றதும் நியாயமாத்தான் இருக்கும்."

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வண்டியின் கையேட்டை முதல் நாளே படித்திருந்தேன். உள்ளே சாய்ந்து, திரைக்குக் கீழே இருந்த சின்னப் பிடியை இழுத்தேன். சாலை அணைந்தது. சாதாரணக் கண்ணாடியாக மாறி, பின் இருக்கை தெரிந்தது.

அவர் பின் இருக்கையைப் பார்த்தபடியே இருந்தார்.

"இதுக்குப் பச வைக்கலாமாம்மா?"

"லீஸ் வண்டி அண்ணே. பச வெச்சா அதையும் எழுதுவாங்க."

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் கண்ணாடி கிடைத்தாலும் ஒன்பதாம் பக்கம் அப்படியே இருந்தது. மிச்சம் பத்து நாள்.

அடுத்து நடந்தது புதன்கிழமை. நானும் வண்டியில் இருந்தேன். பெரியவர் ஏதோ ஒப்பந்தக்காரரைத் திட்டிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கையில் முழுவதுமாகத் திரும்பினார். பதினோரு வருடத்தில் அவர் அப்படித் திரும்பியதில்லை.

"சார், எனக்குக் காது கேக்காது."

பெரியவர் வாய் திறந்தபடி இருந்தது.

"என்னப்பா சொல்ற? எத்தன நாளா?"

"இங்க வர்றதுக்கு முன்னாடியே சார். உங்க வாயப் பாத்துதான் ஓட்டினேன். இந்த வண்டில மொத வாரம் அது தெரியல. கோவமெல்லாம் இல்ல சார்."

"அப்போ நான் பேசுனதெல்லாம்?"

"கண்ணாடில தெரிஞ்ச வரைக்கும் தெரியும் சார். ஜன்னல் பக்கம் பாத்துப் பேசுனது தெரியாது."

பெரியவர் எதையெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். சின்னச் சண்டைகளை நேராகப் பார்த்துச் சொல்வார். மனைவி மருத்துவமனையில் இருந்த மூன்று மாதமும் அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினார். ஒன்றிரண்டு தடவை நானும் உடன் இருந்திருக்கிறேன்.

"சரி. வண்டிய எடு" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. வண்டி நகரவில்லை என்றதும் ஞாபகம் வந்து, முகத்தை நேராகத் திருப்பி மறுபடி சொன்னார்.

இரண்டு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டுநர் டிக்கியிலிருந்த தன் துணிகளையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டார். மூன்றாம் நாள் பெரியவர் என் மேசைக்கு வந்தார்.

"அந்த ஃபாரத்துல காது மெஷின் போட்டா செல்லுமாம்மா?"

ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரியைக் காட்டினேன். கருவியுடனோ கருவியின்றியோ என்று இருந்தது.

"அப்புறம் என்ன? இன்னைக்கே அனுப்பு. அதுவரைக்கும் நான் முன் சீட்டுல உக்காந்துக்கறேன். எனக்காவது பெல்ட்டு மணி காதுல விழும்ல."

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது மருத்துவரின் கையெழுத்தோடு படிவம் வந்தது. ஓட்டுநரின் இரண்டு காதுகளிலும் தோல் நிறத்தில் சின்னக் கருவிகள். வரைவாளர், "சாமி கண்ணத் தொறந்துதான் பாத்திருக்கேன், இப்ப காதையும் தொறந்துடுச்சே" என்றார். "நீ இத்தன வருசமா என்னைய என்ன சொல்லிக் கூப்டுறன்னு இப்பதான் தெரியுது. நல்லாருக்கு" என்றார் ஓட்டுநர். வரைவாளர் காகிதத்துக்குள் குனிந்துகொண்டார். ஓட்டுநரின் மனைவி எனக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னார். "ஆனா ஒண்ணு தங்கச்சி, இனிமே வீட்டுல யோசிச்சுதான் பேசணும். வசதியா இருந்துச்சு."

பெரியவர் பின் இருக்கைக்குத் திரும்பினார். வண்டி சரியான வாசல்களில் நின்றது. முன் இருக்கையில் எதை வைத்தாலும் ஓட்டுநர் தானே பெல்ட்டைப் போட்டுவிடுவார். ஒருமுறை ஒரு பூந்தொட்டிக்கும் போட்டார்.

ஒரு மாதம் கழித்து ஓட்டுநர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். காதுக் கருவிக் கடைக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டாராம். அவர்கள் சோதித்துவிட்டு ஒன்றும் கோளாறில்லை என்கிறார்களாம்.

"வீட்ல நல்லா வேல செய்யுதும்மா. ரோட்ல, கடையில எல்லா எடத்துலயும் கேக்குது. வண்டிக்குள்ள மட்டும் வேல செய்ய மாட்டேங்குது."

"என்ன கேக்கல?"

"சார் பேசறது."

அதற்கு முந்தின நாள் நான் அவர்களோடு போயிருந்தேன். முக்கால் மணி நேரம் பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடியே இருந்தது. அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்று, பழக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தே நிதானமாகச் சொன்னேன். "சார் பேசறதில்ல."

அவர் ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"லீஸ் இன்னும் எவ்வளவு நாள் இருக்கும்மா?"

"முப்பத்து நாலு மாசம்."

"இருக்கட்டும், அதுக்குள்ள பேசிடுவாரு" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் துடைக்கப் போனார்.