குளோரின் பாடத்தில் இல்லாத வரி

நான் பிளஸ் டூ படித்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து எங்களை ஏமாற்றிவிட்டன. மழை வந்ததா என்று கேட்டால் வந்தது, சட்டை நனைவதற்குள் போய்விட்டது. தண்ணீர் லாரி வைத்திருந்தவர்கள் காட்டில்தான் அந்த வருஷம் மழை.

எங்கள் பிழைப்பே தண்ணீர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை வைத்திருந்தார் அப்பா. பட்டறையை ஒட்டியே வீடு. தறியிலிருந்து பழுப்பாக வருகிற துணியை பிளீச்சிங் பவுடர் தொட்டியில் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, அதற்கப்புறம்தான் ஆசிட் தண்ணீரில் முக்குவார்கள். மறுபடி அலசிக் காயப்போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வெள்ளை வந்துவிடும்.

கிணறு வற்ற வற்ற அந்த நடு அலசல் சுருங்கியது. தை மாதம் வாக்கில் அது நின்றே போனது. பிளீச்சிங் தொட்டியிலிருந்து துணியைத் தூக்கி, கொஞ்சம் சொட்ட விட்டு, அப்படியே ஆசிட்டில் போட ஆரம்பித்தார்கள். லாரித் தண்ணீர் விற்ற விலைக்கு வேறு என்ன செய்வது? அப்பாவின் சட்டையில் ஒரு நெடி ஏறியது. அம்மா அடித்துத் துவைத்தும் போகவில்லை. காலையில் எழுந்ததும் இருமுவார். கேட்டால் தூசி என்பார். ஈரத் தொட்டியில் ஏது தூசி? எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதையும் கேட்டேன். முறைத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம். கெமிஸ்ட்ரி டீச்சர் பாடத்தை வாசிக்க மாட்டார், கேள்வியைத்தான் வாசிப்பார். குளோரின் தயாரிப்பு பத்து மார்க், படத்தோடு எழுத வேண்டும். 'பசுமஞ்சள் நிறம், மூச்சை அடைக்கும் நெடி, நச்சுத்தன்மை உடையது' என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. எனக்கு அப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது. எழுந்து, நச்சு என்றால் என்ன செய்யும் டீச்சர் என்று கேட்டேன்.

"அதுக்கு மார்க் கிடையாது. உக்காரு" என்றார்.

கைடிலும் இல்லை, டியூஷன் ஜெராக்ஸிலும் இல்லை. என் பக்கத்தில் உட்காருகிற தோழிக்கு ராஜபாளையத்தில் வீடு. அவள் அண்ணன் தன்னுடைய எஸ்.டி.டி. பூத்தைத் தடுத்து, இரண்டு கம்ப்யூட்டர் போட்டு, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டியிருந்தார். ஊருக்கே அது புதுசு. ஒரு சனிக்கிழமை அங்கே போனோம். மதுரைக்கு டயல் போட்டு, போனோடு மாட்டியிருந்த பெட்டி கீச்சென்று கத்தி அடங்கியதும் நான் தட்டியதையே திரும்பத் திரும்பத் தட்டினேன்.

"ஏட்டி, சும்மா சும்மா அமுக்காத. லைன் போச்சுன்னா பொறவு மதுரை கெடைக்காது" என்று அவள் அண்ணன் அதட்டினார்.

ஏதோ வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக எழுதிய பக்கம். மேலிருந்து கீழாக, அங்குலம் அங்குலமாக இறங்கியது. தயாரிப்பு, சமன்பாடு எல்லாம் எங்கள் புத்தகத்தில் உள்ளதுதான். அடியில் சிவப்புக் கட்டத்துக்குள் சில வரிகள். நாங்கள் தமிழ் மீடியம். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பிரித்தோம். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் இந்த வாயு கிளம்பும். சுவாசித்தவருக்கு முதலில் இருமல் வரும், பிறகு ஒன்றுமில்லை என்று தோன்றும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைக்கும். அவரை நடக்க விடாதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

"உங்கப்பா இதைத்தானட்டி செய்யுதாவ?" என்றாள் தோழி.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "நான் உன்னையப் படிக்க அனுப்புனது பரீட்சை எழுத. எனக்குப் பாடம் எடுக்க இல்ல" என்றார். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அண்ணாச்சியும் சிரித்தார். வன்னியம்பட்டியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், அப்பாவோடு வெகு காலமாக வேலை பார்த்தவர். அதற்கப்புறம் தொட்டிப் பக்கம் சத்தம் கேட்டாலே நான் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து பார்ப்பேன். படிப்பு ஏறவில்லை. எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்டடி லீவில், ஒரு காலை நேரம், அது வந்தது. ஆர்டர் அவசரம் என்று சொட்டக்கூட விடாமல் மொத்தத் துணியையும் ஆசிட் தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். பசுமஞ்சள் புகை தொட்டி விளிம்பைத் தாண்டித் தரையோடு பரவி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்பா முழங்காலில் விழுந்தார். அண்ணாச்சி துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து அவரை இழுத்து வந்தார். இரண்டு பேரும் இருமி, வாந்தியெடுத்து, கண்ணீரும் சளியுமாக வேப்பமரத்தடியில் கிடந்தார்கள். அம்மா வெல்லக்கட்டியைக் கொடுத்தாள். மில்லாகட்டும் பட்டறையாகட்டும், எங்கள் பக்கம் நெஞ்சில் எது பிடித்தாலும் வெல்லம்தான் மருந்து. கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது.

"வாரேன் மொதலாளி. செத்த நேரம் படுத்து எந்திரிச்சா சரியாயிரும்" என்று அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆர்டர் கொடுத்தவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டி.வி.எஸ். சாவியை எடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்பா."

"எனக்கென்ன கொள்ளை? கல்லு மாதிரி இருக்கேன்."

அப்பாவின் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி பிளீச்சிங் தொட்டிக்குள் எறிந்தேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இருமல் நின்னா சரியாயிட்டுன்னு நெனைக்காதிய! அதுக்குப் பொறவுதான் நெஞ்சுல தண்ணி கோக்கும்! பெத்த அப்பன் மூச்சு முட்டிச் சாவதை நான் வேடிக்கை பாக்கணுமா?" என்று கத்தினேன், அழுதேன், வாசலில் குறுக்கே உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். மானம் போகிறதே என்றுதான் கடைசியில், மத்தியானத்துக்கு மேல், அப்பா கிளம்பினார், பயந்து அல்ல. பக்கத்துப் பட்டறை வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு கறுத்திருந்தது.

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். "நல்ல நேரத்துல கொண்டு வந்துட்டீங்க. இனிப் பொழச்சிருவாரு" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "உள்ள வேற யாரும் இருந்தாங்களா?"

வேன் டிரைவரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வன்னியம்பட்டி விலக்கில் ஆட்டு மந்தை மறித்தது. ஆரன் அடித்தும் விலகவில்லை. எதிர்வெயிலில், அந்த ரோட்டில் அண்ணாச்சி சைக்கிள் மிதித்துப் போயிருப்பார் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

அண்ணாச்சி வீட்டில் அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து வத்தல் கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வா பாப்பா. அப்பா சொகமா இருக்காவளா? அவியளும் வந்ததுலருந்து ஒரே இருமலும் எளப்பும். ஒரு மணி நேரமாத்தான் எல்லாம் நின்னு, அசந்து தூங்குதாவ. எழுப்ப வேண்டாமே."

நான் அவரை விலக்கிவிட்டு உள்ளே போனேன். அண்ணாச்சி பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். வாயோரம் நுரை கட்டிக் காய்ந்திருந்தது. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வாசலில் டிரைவர் சத்தமாக ஏதோ கேட்க, அண்ணாச்சி மனைவி உதட்டில் விரலை வைத்து, மெதுவாகப் பேசச் சொன்னார்.