வெற்றிச்செல்வன் போட்ட கண்ணாடி

2023 அக்டோபர் 5, வியாழக்கிழமை. அரியாங்குப்பத்தில் வெற்றிச்செல்வன் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் உதட்டின் வலது ஓரமாகத் தானாக ஒழுகியது. முகம் கழுவினார். சோப்பு நுரை வலது கண்ணுக்குள் போய் எரிந்தது. கண்களை இறுக்கி மூடினார். இடது கண் மூடியது. வலது கண் திறந்தபடியே இருந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

மனைவி அன்னக்கிளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"காலங்காத்தால யாரப் பாத்து கண்ணடிக்கிறீங்க?"

அவர் சிரித்தார். பாதி முகம் மட்டுமே சிரித்தது. அன்னக்கிளி அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

புதுச்சேரியின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் ஹேமலதா அவரைப் புருவம் தூக்கச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார், கையையும் காலையும் தட்டிப் பார்த்தார். பக்கவாதம் இல்லை, முகவாதம் என்றார். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது. மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிடும், சில மாதம் ஆகலாம்.

"அதுவரைக்கும் கண்ணுதான் முக்கியம். இமைதான் கண்ணுக்கு வைப்பர். உங்க வைப்பர் இப்ப ஓடல. தூசி, மழைத்தண்ணி எது பட்டாலும் கருவிழி புண்ணாயிடும். புண்ணு ஆழமாப் போனா பார்வை போயிடும். என்ன வேலை பாக்குறீங்க?"

"லேபுக்கு ரத்தம் கலெக்‌ஷன் மேடம். பைக்குலதான் நாள் பூரா."

"அப்ப வண்டியில கண்டிப்பா கண்ணாடி போட்டு ஓட்டுங்க."

"போட்டுடறேன் மேடம்."

இருவருக்கும் திருப்தி. வெளியே வந்ததும் அன்னக்கிளி, "கண்ணாடி எங்க வாங்குறது, கண்ணாடிக் கடைலயா?" என்று கேட்டார். வெற்றிச்செல்வனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "வண்டிலன்னு சொன்னாங்க அன்னம். காதுல விழலயா?"

அவர் பிறந்ததிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்டவரில்லை. வண்டிக்குக் கண்ணாடி போடுவது என்பது அவருக்குத் தெரிந்த வேலை. ஆட்டோவுக்கு முன்னால் இருக்கிறதே, அந்த மாதிரி. ஹெல்மெட் கண்ணாடியும் அவர் கணக்கில் வந்தது. ஆனால் மழையில் அதை இறக்கினால் சற்று நேரத்தில் மூச்சு படிந்து வெளுத்துவிடும், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கண்ணாடி முழுக்கப் பரவும். கடலூர் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் அனைவரும் மழை வந்ததும் அதை மேலே தூக்கிவிட்டு, முகத்தைக் கொடுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

எனவே அன்று மாலையே உழவர்கரையில் பெயர்ப்பலகை செய்யும் நண்பர் இளஞ்செழியனிடம் போனார். ஒரு பல் மருத்துவருக்காகச் செய்து, அவர் வேண்டாம் என்று விட்டுப்போன அக்ரிலிக் பலகை ஒன்று அங்கே கிடந்தது. எழுத்தை உரித்து, அளவாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, இரண்டு கிளாம்பு வைத்து ஹேண்டில்பாரில் இறுக்கிக் கொடுத்தார் இளஞ்செழியன். உரித்த பிறகும் 'பல்' என்பதன் தடம் மட்டும் போகவில்லை.

"வெயில்ல தெரியாது மச்சான். ஈரம் பட்டாதான் தெரியும்."

"மழைக்குத்தான்டா போடறேன்."

"அப்ப நல்லா தெரியும்."

தெரிந்தது. லேபில் அது பல்லு வண்டி ஆகிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்த நேரத்தில் அந்தப் பெயர் கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டிக்கொண்டது. வெற்றிச்செல்வன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவர் கவலை மழையைப் பற்றியது. காலையில் தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் பக்கத்து கிளினிக்குகளில் ரத்தக் குழாய்களை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, மதியத்துக்குள் டவுனில் உள்ள லேபில் சேர்க்க வேண்டும். தாமதமானால் ரத்தம் கெட்டுப்போகும், நோயாளி மறுபடி கையை நீட்ட வேண்டும். மழைக்காலத்தில்தான் காய்ச்சல், காய்ச்சலில்தான் வேலை அதிகம். வண்டி நின்றால் வேலை போகும். ஓட்டினால் கண்.

தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. முதல் நாளே ஒன்று புரிந்தது. கண்ணாடி மார்பை நனையவிடவில்லை, முகத்தைக் காப்பாற்றவில்லை. காற்று அதன் மேல் விளிம்பில் ஏறி மடங்கி, துளிகளை அள்ளிக்கொண்டு நேராக நெற்றிக்கும் கண்ணுக்கும் வந்தது. அரியாங்குப்பம் பாலத்தின் மேல் ஆற்றுக் காற்று பக்கவாட்டில் அடித்தபோது ஹேண்டில்பாரே இழுத்தது.

கிளாம்பைத் தளர்த்தி ஏற்றினார். விளிம்பு கண் மட்டத்துக்கு வந்து ரோட்டை இரண்டாக வெட்டிக் காட்டியது. சாய்த்து வைத்தார். தண்ணீர் கழுத்துக்குப் போனது. வலது கண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டி ஒரு கண்ணால் ஓட்டிப் பார்த்தார். முருங்கப்பாக்கத்தில் தூரத்தில் இருப்பதாக நினைத்த பள்ளம் உடனே வந்துவிட்டது. ஐஸ் பெட்டி தப்பியது, முழங்கை தப்பவில்லை.

பிறகு அவர் ஊரையே விசாரிக்க ஆரம்பித்தார். மரப்பாலம் பக்கம் பெட்ரோல் பங்கின் கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்களிடம், "முகத்துக்கு என்னா பண்றீங்க?" என்று கேட்பார். முன்பின் தெரியாதவர்கள்கூட இதற்குப் பதில் சொன்னார்கள். ஜவுளிக்கடைக் கவரை மூக்கு வரை இழுத்துக் கட்டியிருந்த ஒருவர், மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைப்பதாகச் சொன்னார். தண்ணி லாரிக்குப் பின்னாலேயே போனால் மழை படாது என்றார் இன்னொருவர். அவர் தலையிலிருந்து கால் வரை சேறு. ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் ஷாம்பூ தடவினால் மூச்சு படியாது என்று ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள். வெற்றிச்செல்வன் தடவினார். புதுக் கண்ணாடி வாங்கி மாட்டித்தான் தடவினார். மூச்சு படியவில்லை. ஆனால் மழைநீர் உள்ளே வழிந்து, ஷாம்பூவோடு சேர்ந்து, மூடாத கண்ணுக்குள் இறங்கியது.

மறுநாள் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. அன்னக்கிளி எதுவும் கேட்காமல் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார்.

டாக்டர் ஹேமலதா கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டு நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் கீறல்.

"கண்ணாடி போடச் சொன்னனே, போடலயா?"

"நீங்க சொன்ன அன்னிக்கே போட்டுட்டேன் மேடம்."

"அப்புறம் எப்படி தண்ணி பட்டுது?"

"மேல் வழியா வருது மேடம். இன்னும் ஒரு சாண் ஏத்தலாம்னா ரோடு தெரியல. கிளாம்பு வேற ஆடுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்தக் கிளாம்பு?"

வெற்றிச்செல்வன் போனில் இருந்த வண்டியின் படத்தைக் காட்டினார். மழையில் எடுத்தது. 'பல்' தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னது மூக்கு மேல போடுற கண்ணாடிங்க. பக்கமெல்லாம் மூடினாப்ல இருக்குமே, அது."

"அதத்தான் மேடம் நான் அன்னிக்கே கேட்டேன்," என்றார் அன்னக்கிளி. "காதுல விழலயான்னு என்னைய கேட்டாரு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். இப்போது முகவாதத்துடன் வருகிற எல்லோரிடமும் அவர் மூக்கைத் தொட்டுக் காட்டித்தான் கண்ணாடி என்கிறார். அன்று அவர் சொன்னது வேறு. புண் ஆறும் வரை களிம்பு போட வேண்டும், களிம்பு போட்டால் பார்வை மங்கும், ஆகவே எந்தக் கண்ணாடி போட்டாலும் வண்டி ஓட்டக் கூடாது.

லேபைப் பார்த்துக்கொள்ளும் புருஷோத்தமன் கெட்டவரில்லை. அதனால் நேராகவே சொன்னார். "மழை சீசன்ல லைன் காலியா விட முடியாது செல்வம். வேற ஆள் போட்டா, நீ சரியாகி வரும்போது அவனைப் போன்னு சொல்ல முடியுமா?"

கூட வந்திருந்த அன்னக்கிளி, "வேற ஆளு எதுக்கு? நான் ஓட்டுறேன். இவரு பின்னால உக்காந்து வந்து சாம்பிள் வாங்கட்டும்" என்றார்.

"மழையிலயா?"

"மழை என்னா, இவருக்கு மட்டுந்தான் பெய்யுதா?"

"ஐஸ் பெட்டி எங்க வைப்பீங்க?"

"கால் வைக்கிற எடத்துல. அரிசி மூட்டையே அங்கதான் வருது."

மறுநாள் காலை தவளக்குப்பத்திலிருந்து கிளம்பினார்கள். பாலத்தில் மழை. வெற்றிச்செல்வன் முகத்தைத் திருப்பி மனைவியின் ரெயின்கோட் முதுகில் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது: ஒரு துளிகூட முகத்தில் படவில்லை. பெட்ரோல் பங்கு தாண்டும்போது அவருக்குப் பழைய சந்தேகம் வந்தது.

"அன்னம், நீ முகத்துக்கு என்னா பண்ற?"

"வலிச்சா மெதுவாப் போவேன்," என்றார் அன்னக்கிளி. "நீங்க கேள்வி கேக்காம என்னைய கெட்டியாப் புடிங்க."

லேபுக்கு மதியத்துக்கு முன்பே சேர்ந்தார்கள். ஜனவரி கடைசி வரை அப்படியே ஓடியது. இரண்டாவது வாரத்தில் கீறல் ஆறிவிட்டது. கண் மூட நாளானது. பொங்கலுக்கு முந்தைய வாரம் முகம் கழுவும்போது சோப்பு எரியாததை வெற்றிச்செல்வன் கவனித்தார். இமை மூடியிருந்தது. இப்போதும் சிரிக்கும்போது வாயின் வலது ஓரம் கொஞ்சம் பின்தங்கி வருகிறது, அவ்வளவுதான். பிப்ரவரியில் மறுபடி தன் பைக்கை எடுத்தார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு.

அந்த மாதம் லேபுக்கு வில்லியனூர் பக்கத்தில் புதிதாகச் சில கிளினிக்குகள் சேர்ந்தன. அந்த லைனுக்குப் புருஷோத்தமன் வேறு யாரையும் தேடவில்லை. அடுத்து வந்த திங்கட்கிழமையிலிருந்து அன்னக்கிளி தனியாக அங்கே போகிறார்.