ஆறாவதாக நின்றவர்

ஒட்டுசுட்டானில், எங்கள் வயல்களின் காட்டோரத்தில் யானை வந்தால் போன் எடுத்துச் சொல்லும் பெட்டியை நான்தான் செய்தேன். வேலிக் கம்பி அசைந்தால் போதும். தன் சின்ன நினைவகத்தில் ஆளுக்கொரு கோப்பாக நான் போட்டுவைத்த நம்பர்களை வரிசையாகக் கூப்பிடும். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. "இனிக் காவலுக்குப் போகத் தேவையில்லை, நிம்மதியா வீட்டில இருங்கோ" என்று வாய் சும்மா கிடக்காமல் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அதை அப்படியே நம்பியவர் பக்கத்து வயல் அக்கா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தனி ஆளாக இரண்டு ஏக்கர் செய்கிறார். அறுவடைக்குப் பத்து நாள் இருக்க, ஒரு பின்னேரம் யானைகள் இறங்கின. நாங்கள் எல்லாரும் யானைவெடியோடு அவரவர் வயலுக்கு ஓடினோம். அவருக்கு மட்டும் அழைப்புப் போகவில்லை. நாங்கள் துரத்தத் துரத்த, அவை ஆளில்லாத அவருடைய வயலுக்குள் போய் நின்றன. ஒரு கதிர் மிஞ்சவில்லை.

மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினேன். அவருடைய கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது. அன்று பெட்டி ஐந்தாவதாகக் கூப்பிட்டவர், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவில் இருப்பவர். அழைப்பு வேண்டாமென்றால் ஒன்பதை அழுத்தலாம் என்று நான் வைத்திருந்தேன், எரிச்சலில் அழுத்திவிட்டார். அவருடைய கோப்பு அழிந்தது, பின்னால் இருந்தவை ஓரிடம் முன்னே நகர்ந்தன. பெட்டியோ "ஐந்து முடிந்தது, அடுத்தது ஆறு" என்ற பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. சங்கக்கடை வரிசையில் ஐந்தாம் ஆள் விலகினால் ஆறாம் ஆள் அந்த இடத்துக்கு வருவார்தானே? கடைக்காரர் நிமிர்ந்து பாராமல் ஆறாம் இடத்தில் நிற்பவரைக் கூப்பிட்டால்? ஆறாவதாக நின்றவர் அக்கா. கோப்பு ஏதும் அழிந்ததா என்று திரும்பப் பார்க்க நிரலில் ஒரு வரி போதும். ஒரேயொரு வரி! அதை எழுதாத கையை முறிக்க வேண்டும் போலிருந்தது.

திருத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். இருக்கக் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

"போன் கையிலதான் தம்பி இருந்துச்சு. சார்ஜும் இருந்துச்சு. எல்லாருக்கும் அடிச்சிச்சாமே, எனக்கு மட்டும் ஏன் அடிக்கல?"

வரிசை, இடம், கோப்பு என்று விளங்கப்படுத்தினேன். தலையாட்டிக் கேட்டார். எனக்கே அது சாட்டுச் சொல்வதாகத்தான் பட்டது.

"எங்க ஆளுங்களுக்கு எப்பவும் இப்புடித்தான் தம்பி."

"ஐயோ அக்கா, அப்பிடி இல்லை. பெட்டிக்கு இன்னார் எண்டு ஆள் தெரியாது."

"பெட்டிக்குத் தெரியாது," என்றார். "செஞ்சவங்களுக்குத் தெரியும்ல."

பெட்டியில் நான் போட்ட முதலாவது நம்பர் எங்கள் வீட்டுடையது. அடுத்த நாலும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்த சொந்தங்கள், ஒன்பதை அழுத்தியவரும் அதில் ஒருவர். மற்றவர்கள் எல்லாரும் அதற்குப் பிறகுதான். யோசிக்காமல்தான் அப்படிப் போட்டேன். அதைப் போய் அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?