இடுப்புயரப் பம்பரம்

ரயிலைக் கவிழ்க்கப் பார்த்ததாக என் பெரியப்பா சென்னப்பன் மேல் ஒரு வழக்கு இருந்தது. 1942ஆம் வருஷம் அது. அவர் செய்ததெல்லாம் ஒரு பம்பரம்தான்.

மொரப்பூருக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் அவருடையது. மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. மழை வந்த வருஷம் கேழ்வரகும் கடலையும் எடுப்பார்கள். கல்யாணமான மறு வருஷமே ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைத்துவிட்டது. தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, தளர்ந்த ஆணிகளைச் சம்மட்டியால் இறுக்கி, ஜல்லி சரிந்த இடத்தில் அள்ளிப்போட்டு வர வேண்டும். அந்த வேலையில் அவருக்கு ஜோடி முனிராஜ். ஒரே ஊர், ஒரே வயது, சிறுவயதில் ஒன்றாகப் பம்பரம் விட்டவர்கள்.

மீசை முளைத்ததும் எல்லாரும் பம்பரத்தை விட்டுவிடுவார்கள். பெரியப்பா விடவில்லை. பனங்காய் அளவில் ஒன்று செய்தார், சுற்றியது. தண்ணீர்க்குடம் அளவில் ஒன்று செய்தார், அதுவும் சுற்றியது. இன்னும் எவ்வளவு பெரிதானால் அது சுற்ற மறுக்கும் என்று பார்த்துவிட ஆசைப்பட்டார். இடுப்புயரத்துக்குப் போனால் அது பம்பரமில்லை, வெறும் அடிமரம், எவனாலும் அதைச் சுற்ற முடியாது என்று முனிராஜ் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த ஒரு காற்றுமழையில் ஏரிக்கரை வாகை மரம் சாய்ந்தது. ஊராரிடம் கேட்டு, அடிமரத்தில் ஒரு துண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வேலை முடிந்து வந்து பொழுது சாயும்வரை செதுக்குவார். பாஞ்சாலி பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் கற்றாழை நாரில் பெரிய கயிறு திரித்துக் கொடுத்தது அவர்தான். எந்தப் பக்கம் பாரம் கூடுதல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பம்பரத்தைக் கிணற்றில் இறக்கி மிதக்கவிடுவார்கள். சாய்கிற பக்கத்தில் கரியால் குறி போட்டு, மேலே ஏற்றி, அந்த இடத்தை இழைப்பார் பெரியப்பா. மறுபடியும் இறக்குவார்கள். நேராக மிதக்கும்வரை இது நடந்தது.

அடியில் வைக்க ஆணி வேண்டும். யுத்த காலம், கொல்லரிடம் இரும்பு இல்லை. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கிற ஆணிகளில் தேய்ந்தவற்றைக் கழற்றிப் பாதையோரம் வீசியிருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்துவந்து, தீயில் காய்ச்சிக் கூராக்கி அடித்துவிட்டார்.

அவ்வளவு பெரிய பம்பரத்தைக் கையால் வீச முடியாது. இரண்டு கால்களும் ஒரு குறுக்குக்கட்டையும் கொண்ட சட்டம் செய்தார். குறுக்குக்கட்டையில் ஒரு துளை. பம்பரத்தின் தலை அதற்குள் நிற்கும். உடம்பில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். வேகம் பிடித்ததும் இரண்டு பேர் சட்டத்தை மேலே தூக்கிவிட்டால் பம்பரம் தானாக நிற்கும் என்பது கணக்கு.

விட்டுப் பார்க்கத்தான் இடம் இல்லை. கதிரடிக்கும் களம் குழிந்துவிடும் என்று ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. மிச்சமிருந்தது ரயில் பாதைக்கு மேலே சரிந்து கிடக்கும் பாறை ஒன்றுதான்.

“அங்க வேணாங்க, கீழ ரயிலு போவுது” என்றார் பெரியம்மா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி கிடையாது என்று பெரியப்பா சொன்னார். யுத்தச் சாமான் ஏற்றிய வண்டிகள் நேரங்கெட்ட நேரத்தில் வரும் என்பது தெரிந்தும்தான் சொன்னார்.

கயிற்றை இழுக்க அவருடைய மாடுகளைப் பூட்டினார்கள். முனிராஜ் மாடுகளை ஓட்டினார். வேகம் பிடித்ததும் அவர் ஓடிவந்து சட்டத்தின் ஒரு காலைத் தூக்குவதாக ஏற்பாடு. பம்பரம் சுற்றத் தொடங்கியது. ஆனால் கயிற்றின் உள்நுனியில் போட்டிருந்த முடிச்சு நழுவாமல் ஆணியில் சிக்கிக்கொண்டது. மாடுகள் மிரண்டு, பம்பரத்தையும் சட்டத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சரிவில் ஓடின. கயிறு அறுந்தது. பம்பரம் உருண்டு உருண்டு கீழே போய்த் தண்டவாளத்தின் நடுவில் விழுந்தது.

இருவரும் இறங்கி ஓடினார்கள். தூக்கிப் பார்த்தார்கள், நகரவில்லை. ஆணி, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டையில் குத்தி நின்றுவிட்டது. அதற்குள் தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. பெரியப்பா தலைப்பாகையை அவிழ்த்து வீசிக்கொண்டே வண்டிக்கு எதிரே ஓடினார். கூட்ஸ் வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு, பம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. கார்டு இறங்கி வந்தபோது பெரியப்பா மட்டும்தான் அங்கே இருந்தார். முனிராஜ் புதருக்குள் இறங்கிப் போய்விட்டார்.

வேறு சமயமாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த ஆகஸ்டில்தான் பல ஊர்களில் போராட்டக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தார்கள், தந்திக் கம்பியை அறுத்திருந்தார்கள். யார் மேலாவது பழி விழட்டும் என்று போலீஸ் அலைந்த நேரம். இரும்புக் கூர் வைத்த பெரிய கட்டை, பாதையை நன்றாகத் தெரிந்த கேங்மேன், யுத்தச் சாமான் வண்டி. அன்று சாயங்காலமே பெரியப்பாவைத் தாலுகா சப் ஜெயிலில் அடைத்தார்கள்.

முனிராஜை விசாரித்தபோது, அன்றைக்குத் தான் மாமனார் வீட்டில் இருந்ததாகச் சொல்லிவிட்டார். பெரியப்பாவும் மாட்டை ஓட்டியது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. இன்னொருத்தன் இருந்தான் என்று ஒப்புக்கொண்டால் அது கூட்டுச்சதி ஆகிவிடும் என்று அடுத்த அறைக் கைதி சொல்லிவைத்திருந்தான். உண்மையைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார், சொல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்வார். அந்த அறையில் நீட்டிப் படுக்க இடமில்லை. காலை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தே கிடப்பாராம். பெரியம்மா போய்ப் பார்த்தபோதெல்லாம் ஒரே கேள்விதான்: மாடுகள் திரும்பி வந்தனவா? வந்துவிட்டன என்று சொன்னாலும் அடுத்த முறையும் அதையே கேட்டார்.

சப் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். பக்கத்தில் பம்பரம் கிடந்தது. அது என்ன என்று அவர் கேட்டார்.

“பம்பரமுங்க” என்றார் பெரியப்பா.

கோர்ட்டில் சிரித்தார்கள். இந்த அளவில் பம்பரம் செய்கிற ஆள் உலகத்தில் கிடையாது, வண்டியைத் தடம்புரட்டச் செய்ததுதான் இது என்று இன்ஸ்பெக்டர் வாதாடினார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பம்பரம்னா சுத்தணும். சுத்திக் காட்டு. சுத்தலைன்னா இது பம்பரம் இல்லை.”

அந்தப் பம்பரம் இதுவரை ஒரு தடவைகூடச் சுற்றி நின்றதில்லை. உருண்டு விழுந்ததில் ஒரு பக்கம் பெரிய சில்லாகப் பெயர்ந்திருந்தது. அப்படியே விட்டால் ஒரு சுற்றுக்கூட நிற்காது. செதுக்கிச் சரிசெய்ய அனுமதி கேட்டார் பெரியப்பா. கைதியின் கையில் உளி கொடுக்க முடியாது, வேண்டுமானால் உன் பெண்சாதி செய்யட்டும் என்று உத்தரவானது.

பெரியம்மா அதுவரை உளி பிடித்ததில்லை. சப் ஜெயில் முற்றத்தில், ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தில் நிற்க, பம்பரத்தின் முன்னால் உட்கார்ந்தார். கம்பிக்கு உள்ளே பெரியப்பா. பெயர்ந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதே அளவு எடுக்க வேண்டும். அவர் கம்பிக்கு வெளியே விரலை நீட்டி இடம் காட்டுவார். பெரியம்மா கை வைத்து இங்கேயா என்று கேட்பார். முதல் நாள் ஆழமாக வெட்டிவிட்டு அழுதாராம். தன் கையால் ஒரே நிமிஷத்தில் ஆகிற வேலையை, கம்பிக்குள் நின்று வாயால் செய்ய வேண்டியிருந்தது பெரியப்பாவுக்கு. ஒருமுறை கம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டார். கான்ஸ்டபிள் தடியால் விரலில் தட்டினார்.

முற்றத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. இரண்டு கைதிகளை விட்டுப் பம்பரத்தை அதில் இறக்கினார்கள். சாய்ந்தது. எடுத்துச் செதுக்கினார் பெரியம்மா. கையெல்லாம் கொப்புளம். கடைசியில் ஒருநாள் நேராக மிதந்தது.

சோதனைக்குத் தாலுகா ஆபீஸ் முற்றத்தில் கல் பாவிய இடத்தைக் காட்டினார்கள். ஊரிலிருந்து யாரையும் கயிறு இழுக்க அழைத்துவர முடியவில்லை, எல்லாருக்கும் பயம். கடைசியில் கான்ஸ்டபிள்களே கயிற்றைப் பிடித்தார்கள். இந்த முறை உள்நுனியில் முடிச்சுப் போடவில்லை. சட்டத்தின் ஒரு காலைப் பெரியப்பா பிடித்தார். கைவிலங்கைக் கழற்றியிருந்தார்கள், இடுப்புக் கயிறு மட்டும் ஒரு போலீஸ்காரர் கையில் இருந்தது. இன்னொரு காலைப் பிடிக்க ஆள் இல்லை. கூட்டத்தின் பின்வரிசையில் முனிராஜ் நின்றிருந்தார். பெரியப்பா அவரைப் பார்த்தார். முனிராஜ் குனிந்துகொண்டார். பெரியம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து அந்தக் காலைப் பிடித்தார்.

முதல் முறை கான்ஸ்டபிள்கள் தயங்கித் தயங்கி இழுத்தார்கள். சட்டத்தைத் தூக்கியதும் பம்பரம் தள்ளாடிப் படுத்துவிட்டது. கூட்டம் சிரித்தது. மாஜிஸ்திரேட் எழுந்துவிட்டார்.

“சாமி, இன்னொரு வாட்டிங்க” என்றார் பெரியப்பா. “இழுக்கறவங்கள ஓடச் சொல்லுங்க.”

மாஜிஸ்திரேட் தலையசைத்தார். இரண்டாம் முறை கான்ஸ்டபிள்கள் கயிற்றோடு ஓடினார்கள். கயிறு முழுதும் கழன்று தரையில் விழுந்தது. “தூக்கு” என்றார் பெரியப்பா. இருவரும் ஒரே நேரத்தில் தூக்கி விலகினார்கள். பம்பரம் ஒருமுறை தலையை வட்டமாக ஆட்டியது. பிறகு நிமிர்ந்தது. பெரியம்மாவின் உளித்தடங்கள், பெயர்ந்த இடம் எல்லாம் மறைந்து, ஒரே வழவழப்பாக நின்றது. அடியில் கல் பொடிந்தது. தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல ஓர் இரைச்சல். இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவர் அதை விட்டுவிட்டார். கயிறு தரையில் கிடந்தது பெரியப்பாவுக்குத் தெரியவே இல்லை. அது சுற்றி ஓய்ந்து விழும்வரை அவர் அசையவில்லை என்று பெரியம்மா சொல்வார்.

ரயிலைக் கவிழ்க்கப் பார்த்த வழக்கு அன்றோடு போயிற்று. ஆனால் பம்பரம் படுத்ததும் இன்ஸ்பெக்டர் குனிந்து அடியைப் பார்த்தார். இந்த ஆணி ஏது என்று கேட்டார். பாதையோரம் கிடந்ததை எடுத்தேன் என்று பெரியப்பா உள்ளதைச் சொன்னார். ரயில்வே சொத்தை எடுத்ததற்கு மூன்று மாதம் தண்டனை. வேலையும் போயிற்று. பம்பரத்தைத் திருப்பித் தரவில்லை. பிறகு அதைப் பிளந்து சமையலுக்கு எரித்தார்கள் என்று கேள்வி.

ஜெயிலை விட்டு வந்த பிறகும் விடுதலை இல்லை. யுத்தம் முடியும்வரை தாலுகாவைத் தாண்டக் கூடாது, வாரந்தோறும் ஸ்டேஷனுக்கு வந்து ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. அந்த வருஷங்களில் மழையும் சரியாக இல்லை. பெரியம்மாவின் தம்பி, பங்காரப்பேட்டையில் மரம் அறுத்து விற்கும் மரவாடியில் வேலை இருக்கிறது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினான். போக முடியவில்லை. நிலத்தில் நின்றால் கேங் ஆட்கள் டிராலியில் போவது தெரியும். பெரியப்பா முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார்.

ஒருநாள் முனிராஜ் வரப்பில் வந்து நின்றார். தனக்கு நாலு பிள்ளைகள் என்று மட்டும் சொன்னார்.

“தெரியும் போ” என்றார் பெரியப்பா. “அதனாலதான் உம்பேரச் சொல்லல.”

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், இனிமேல் வர வேண்டாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்து, அடுத்த வாரமும் அதே கிழமையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனார். அதற்கும் அடுத்த வாரம் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றபோது, பெரியம்மா வழியை மறித்து நின்றாராம்.

“எங்க போறீங்க? ஸ்டேஷனுக்குப் போற அந்தக் காலு எங்கூட பங்காரப்பேட்டைக்கு வரட்டும்.”

மாடுகளை விற்றார்கள். விளைச்சலில் பங்கு என்று பேசி, நிலத்தை என் அப்பாவிடம் வாரத்துக்கு விட்டார்கள். மொரப்பூரில் ரயில் ஏறினார்கள். மரவாடியில் பெரியப்பா வாள் இழுக்கும் வேலையில் சேர்ந்தார். கன்னடம் பேசக் கற்றுக்கொண்டார். அங்கேதான் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டில் தங்கினார்கள். கதவைச் சாத்திய அறையில் அவருக்குத் தூக்கம் வராது என்று பெரியம்மா சொன்னதால், வாசலில் கட்டில் போட்டோம்.