பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வாருங்கள்

மிஸி றெஜினா இறந்த செய்தியை அவருடைய பெறாமகன், தங்கச்சியின் பிள்ளை அன்ரன் போனில் சொன்னான். "காலமைதான் ஐயா. அவவுக்கு ஒண்டும் விளங்கேல்ல. சுகமான சாவு." துக்கத்துக்கு முன்னால் எனக்கு அருவருப்பு வந்தது. ஒன்றும் விளங்காதவர் என்று அந்த வீடு அவரை ஒதுக்கி மூன்று வருடமாகிவிட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை கேட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், கோயில் உபதேசியார் எழுதுகிறார். இனிப்புத் தடவாமல் எழுதும்படி அவரைக் கேட்டிருக்கிறேன்.

மிஸியை அறிந்தவர்களுக்கு அவருடைய நடை நினைவிருக்கும். ஆஸ்பத்திரி வாட்டில் நர்ஸ் வேலை முடிந்து, எங்கள் இரண்டு வீடும் இருந்த கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் வெள்ளைச் சப்பாத்தோடு விறுவிறென்று வருவார். நான் துறைமுகத்தில் பொதி இறக்கியவன். வாசிக்கத் தெரியாததால், பெட்டிகளில் போட்ட குறிகளைப் படம் மாதிரி மனதில் பிடித்து வைப்பேன். எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொன்னவர் மிஸிதான். ஒருமுறையாவது "படிச்சிருக்கலாமே" என்று கேட்டதில்லை.

ஒருநாள் மிஸி, நாற்பது வருடம் ஏறி இறங்கிய பஸ் தரிப்பிடத்தில், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். யாரும் சொல்லாமல் தானாகவே கிளினிக்குக்குப் போனார். திரும்பி வந்து என் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"சவரி அண்ணை, எனக்கு அல்சைமர். மூளைக்குள்ள ஒருவிதப் புரதம் சேரக்கூடாத விதமாச் சேருது. மூளைக் கலங்கள் ஒண்டோடொண்டு கதைக்க ஏலாமப் போய், மெல்ல மெல்லச் சாகுது."

"ஏன் மிஸி வந்தது?"

"முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது. வயசு ஒண்டு. சிலருக்குக் குடும்பத்தில வாறது. பிறஷர், சீனி வருத்தம் இருந்தா இன்னும் கூட வரலாம். நான் செய்த பாவம் எண்டு யாராவது சொன்னா, செருப்பைக் கழட்டுங்கோ."

"மருந்து?"

"குளிசை இருக்கு. கொஞ்சக் காலம் தாங்கிப் பிடிக்கும். நிற்பாட்டாது." பிறகு சொன்னார்: "நாளைக்கு உங்களை மறந்திட்டா எனக்குப் பரீட்சை வைக்காதேங்கோ. பேரைச் சொல்லிக்கொண்டு உள்ள வாங்கோ. அது போதும்."

செருப்பைக் கழற்றியிருந்தால் பாதி ஒழுங்கைக்கு அடித்திருக்க வேண்டும். செய்வினை என்றார்கள். கலியாணம் கட்டாத குறை என்றார்கள். அன்ரன் அவரை வெள்ளவத்தையில் ஆறாம் மாடி வீட்டுக்குக் கொண்டுபோனான். குளிசை சுகமாக்கவில்லை என்று அதை நிறுத்திவிட்டு, யாரோ மந்திரித்த எண்ணெயைத் தலையில் தேய்த்தார்கள். வாட்டில் எத்தனை பேருக்கு நேரம் தவறாமல் குளிசை கொடுத்தவர் மிஸி.

அதைவிடக் கேவலம் அந்த விளையாட்டு. வருகிறவர்களை வாசலிலேயே அன்ரனின் மனைவி பிடிப்பாள். "போய் உங்களைத் தெரியுதா எண்டு கேட்டுப் பாருங்கோ." கிளி சாத்திரக்காரன் கூட்டைத் திறந்துவிடுவது போல. ஒவ்வொருத்தராகக் குனிந்து, "மிஸி, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?" என்பார்கள். அவர் பிழையாகச் சொன்னால் சிரிப்பு. சரியாகச் சொன்னால் கைதட்டல். தேத்தண்ணி குடித்துவிட்டு, "பாவம்" என்று சொல்லிக்கொண்டு லிப்டில் இறங்குவார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்த லிப்டில் இறங்கியவர்கள்தான்.

நானும்தான். மிஸியின் பிறந்தநாளன்று எங்கள் இரண்டு பேரையும் அருகருகே இருத்தினார்கள். "இந்த ஐயாவுக்கு எண்பத்தஞ்சு. பழைய கப்பல் பேரெல்லாம் இப்பவும் பாடம். சொல்லுங்கோ ஐயா!" என்றான் அன்ரன். நான் சொன்னேன். கப்பல், பொதி, குறி என்று ஒவ்வொன்றாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சபை வாயைப் பிளந்தது. அந்த வெறியில் மிஸியின் பக்கம் திரும்பி, "இப்ப நீங்க சொல்லுங்கோ, நான் ஆர்?" என்று கேட்டேன்.

மிஸி என் முகத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சுருட்டினார். "தெரியும்... தெரியும்" என்றார். பிறகு, வாட்டில் பிழைவிட்ட சின்ன நர்ஸ் மாதிரி எழும்பி நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றும் விளங்காதவருக்குப் பரீட்சையில் தோற்றது விளங்கியிருந்தது. எனக்கு என் வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பஸ் எடுத்துப் போனேன். வாசலில் நின்று, "மிஸி, நான் சவரி. துறைமுகத்துச் சவரி வந்திருக்கிறன்" என்றேன். இறுகியிருந்த அவருடைய தோள் தளர்ந்தது. "வாங்கோ, இருங்கோ. சாப்பிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். கடைசி ஞாயிறு வரைக்கும் அதையே சொன்னேன். பேச்சு நின்ற பிறகு, பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டுவார்.

மலர்ச்சாலையில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "மிஸி, நான் சவரி" என்றேன். பின்னாலிருந்து அன்ரனின் மனைவி என் தோளைத் தட்டினாள். "ஐயா, என்னைத் தெரியுதா?"

நன்றாகத் தெரியும். அவள் அந்த மந்திரித்த எண்ணெய்ப் போத்தலைத் திறந்த விதம்கூடத் தெரியும்.

"தெரியாது பிள்ளை," என்றேன். "பேரைச் சொல்லு."

கப்பல்களின் பெயர்களை இனி யார் கேட்டாலும் சொல்வதாயில்லை. மிஸியிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு வழக்கம்தான். எனக்கும் வயது போகிறது, எண்பத்தாறு முடிகிறது. என் வாசலுக்கு வருகிறவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வாருங்கள். பக்கத்து நாற்காலியை நான் தட்டிக் காட்டுவேன்.