மூன்று டிகிரி சாய்வு

என்னைவிட இரண்டு வருடம் மூத்த ஆராய்ச்சி மாணவர் அவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் ஒரே பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தோம். இருவருக்கும் ஆய்வுப் பொருள் செம்புத் தகடு.

தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு மெலிதாக்கினால் உள்ளே இருக்கும் படிகங்கள் நசுங்கிச் சாயும். பிறகு உலையில் சூடாக்கினால் புதுப் படிகங்கள் பிறக்கும். அவற்றில் பெரும்பாலானவை, பெட்டியைத் தரையில் நேராக வைத்தமாதிரி உட்காரும். எக்ஸ்ரே கருவி அதை ஒரு வட்டத்துக்குள் நான்கு புள்ளிகளாகக் காட்டும். எனக்கு முதன்முதலில் அவை தெரிந்தபோது நான்கும் மூன்று டிகிரி ஒரே பக்கமாக நகர்ந்திருந்தன. கழற்றிப் பார்த்தேன். தகட்டை ஒட்டிய டேப் ஓர் ஓரத்தில் மடிந்திருந்தது. கருவி அச்சிட்டுத் தந்த தாளை நோட்டில் ஒட்டி, ‘டேப் மடிப்பு. இந்த அளவீடு வேண்டாம்’ என்று கீழே எழுதினேன். சரியாக ஒட்டி மறுபடி எடுத்தேன். புள்ளிகள் நேராக நின்றன.

அண்ணா என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொண்டது அந்த முதல் அளவீட்டின் ஃபைலை. அவருடைய கட்டுரை வெளிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சாய்வைப் புதிய கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தார். மேல் உருளையும் கீழ் உருளையும் ஒரே வேகத்தில் சுற்றாததால் வந்ததாம்.

பேராசிரியரிடம் நோட்டை நீட்டினேன். அவர் திறக்கவே இல்லை. அண்ணாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“என்னோட சாம்பிள்தான் சார். அவங்க குழப்பிக்கிறாங்க.”

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். “அச்சுல வந்தது தப்பா இருக்குமா? உன்னோடதுலதான் சாய்வு வரல. மொதல்லேருந்து செய்ம்மா.”

இரண்டு வருடம் போனது. எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து அப்பா வாரா வாரம் போன் செய்து, “இன்னும் எவ்ளோ நாளும்மா?” என்று கேட்பார். இரண்டாவது வருடம் ஐப்பசியில் இறந்துபோனார். நான்கு மாதம் கழித்துப் பட்டம் வந்தது.

இப்போது எங்கள் ஊருக்கு அருகிலேயே, வேங்கிக்கால் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் துறைத் தலைவராக இருக்கிறேன். சென்ற வருடம் ஒரு பேராசிரியர் பணியிடத்துக்கு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் அண்ணாவுடையதும் இருந்தது. அவரை எனக்குத் தெரியும் என்று பிரின்சிபாலிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் நோட்டைத் தேடி எடுத்தேன்.

நேர்காணலன்று தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். “நல்லா இருக்கியாம்மா? பௌர்ணமியும் சேந்து வந்துச்சு, கிரிவலம் முடிச்சுட்டேன். இனிமே அண்ணாமலையார் பாத்துக்குவாரு.”

உள்ளே நான் கேள்வி கேட்கும் முறை வந்தபோது, “உங்க கட்டுரைல இந்தச் சாய்வு எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன். உருளைகளின் வேகம் பற்றி அழகாக விளக்கினார்.

“சாம்பிளைக் கழட்டி மறுபடி ஒட்டிப் பாத்தீங்களா?”

“அதுக்கு அவசியம் ஏற்படல மேடம்.”

அந்த ‘மேடம்’ எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய கட்டுரையையும் என் நோட்டையும் பிரின்சிபால் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே நான்கு புள்ளிகள். மூன்றாவது புள்ளிக்குப் பக்கத்தில் கருவியே பதிந்திருந்த அதே சிறு கறை. என் தாளில் கருவி அடித்த தேதி கட்டுரைக்கு ஒரு வருடம் முந்தையது. கீழே எழுதியிருந்ததைப் பிரின்சிபால் வாய்விட்டுப் படித்தார். அண்ணா தண்ணீர் குடித்தார். கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். நான் போகவில்லை. அவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் தன் சான்றிதழ்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டார்.

வெளியே அவருடைய மனைவி பிரசாதப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணா என் பின்னாலேயே வந்தார்.

“பழசெல்லாம் எதுக்கும்மா? எனக்கு வேலை போயி எட்டு மாசம் ஆவுது.”

“எங்கப்பா போயி ஆறு வருஷம் ஆவுது. எங்கிட்டருந்து திருடினீங்களே, அத வீட்ல சொல்லிட்டீங்களா?” அந்தப் பெண்ணுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். அவள் முகம் மாறியது. அவள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாதவள். இருந்தும் அன்று மதியச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

மறுவாரமே அந்த ஆய்விதழுக்கு இரண்டு படங்களையும் அனுப்பினேன். விசாரித்து, கட்டுரையை நீக்கிவிட்டார்கள். சென்னையிலிருந்து பேராசிரியர் போன் செய்தார்.

“அப்பவே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அந்தக் கட்டுரைல என் பேரும் இருக்கே!”

“தெரியும் சார்,” என்றேன். “பாத்துட்டுத்தான் அனுப்பினேன்.”